உங்கள் அம்மாயியின் சேலை என்ன நிறம்?

மலையகப் பாடசாலைகளில் சித்திரம் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ நுவரெலியாவிலோ, சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ நீங்கள் சித்திரம் படிக்கிறீர்கள். தூரிகை பிடிக்கப் பழகிய உங்கள் கையில் ஒரு வேலையை ஒப்படைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் காம்பராச் சுவரிலோ தகரப் பெட்டிக்குள்ளோ பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது இருக்கும். அதில் இருப்பவர் யார், அன்று அவர் உடுத்தியிருந்த உடை என்ன நிறம் என்று, தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். அதை ஏன் உங்களிடம் கேட்கிறேன், ஏன் இப்போதே செய்யச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் மடல் நீள்கிறது.

பாடத்துக்காக நீங்கள் பார்க்கும் ஐரோப்பிய ஓவியங்களை யோசித்துப் பாருங்கள். அவற்றில் எதையும் நீங்கள் நேரில் கண்டதில்லை. கண்டதெல்லாம் ஓவியத்தைப் பிடித்த புகைப்படம்தான். அந்தப் புகைப்படத்தில் நிறம் சரியாக விழுவதற்குப் பல தலைமுறைகள் பாடுபட்டிருக்கின்றன.

இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதி பிளாண்டர்ஸ். அங்கு வாழ்ந்த யான் வான் ஐக் என்ற ஓவியர் 1433 ஒக்டோபர் 21 என்று சட்டத்தில் தேதியிட்டு ஒரு மனிதரின் முகத்தை வரைந்தார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இன்றும் அது இருக்கிறது. சிவப்புத் துணியைத் தலையில் மடித்து மடித்துச் சுற்றியிருக்கும் அந்த மனிதர் நம்மை நேராகப் பார்க்கிறார். தாடையில் மழித்துச் சில நாளான முள்மயிர், கண்வெள்ளையில் ஓடும் மெல்லிய நரம்பு, கண்ணோரத்துச் சுருக்கம் என எதையும் ஓவியர் விடவில்லை. ஆனாலும் முதலில் கண்ணைப் பிடிப்பது அந்தச் சிவப்புத் தலைப்பாகைதான்.

இதே ஓவியத்தை 1870களில் ஒருவர் கமெராவில் எடுத்திருந்தால் தலைப்பாகை கறுப்பாகத்தான் வந்திருக்கும். அந்தக் காலத்து ஈரக் கண்ணாடித் தட்டில் பூசிய வெள்ளி உப்பு நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பு அதற்கு இருட்டுக்குச் சமம். அதனால் நீலவானம் வெள்ளையாக விழும், சிவப்புத் துணி கறுப்பாக விழும். 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகெல் சாயம் சேர்த்துத் தட்டைப் பச்சை ஒளியையும் உணர வைத்தார். சிவப்பையும் உணரும் தட்டு கடைக்கு வந்து சேர 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

1907இல் பிரான்ஸின் லூமியர் சகோதரர்கள் ஆட்டோகுரோம் என்ற நிறத்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு மாவை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அதன் மணிகளைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா என்று மூன்றாகச் சாயம் ஏற்றி, கலந்து கண்ணாடியில் தூவி, இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்தார்கள். அதன்மேல் ஒளி உணரும் பூச்சு. தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த மணிகள் வழியே ஒளி புகுந்து நிறமாகத் தெரியும். ஆனால் கறுப்பு வெள்ளைத் தட்டைவிடப் பல மடங்கு நேரம் ஒளி காட்ட வேண்டும். எதிரில் நிற்பவர் அசையக் கூடாது. சுவரில் தொங்கும் ஓவியம் அசையுமா? அதனால் பழைய ஓவியங்களைப் படியெடுப்பது தொடக்ககால நிறப்படக்காரர்களுக்குக் கைவந்த வேலையாயிற்று. அச்சகங்களோ ஓவியத்தைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியாக மூன்று முறை படமெடுத்து, மூன்று அச்சுத் தகடுகள் செய்து, மூன்று மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றின. 1908இல் லண்டனில் தொடங்கிய மெடிசி சங்கம் பழைய ஓவியங்களின் நிறப் பிரதிகளை வெளியிடுவதையே தன் தொழிலாகக் கொண்டது. நல்ல அச்சகம் முதல் படியை மூல ஓவியத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியது. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு வணிகரின் அங்கி என்ன சிவப்பு என்பதற்காக அத்தனை பேர் மினக்கெட்டார்கள்.

நிறத்தைப் போலவே பெயரும் அங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1436இல் வான் ஐக் வரைந்த இன்னொரு படம் வியன்னாவில் இருக்கிறது; ஏறக்குறைய உங்கள் கொப்பிப் பக்கம் அளவுதான். புரூஜ் நகரத்துப் பொற்கொல்லர் யான் டி லேயுவ் ஒரு மோதிரத்தைப் பிடித்தபடி இருக்கிறார். அவர் அரசரல்லர், பிரபுவுமல்லர். கைத்தொழில் செய்து வாழ்ந்தவர். படத்தின் நான்கு பக்கச் சட்டத்திலும் எழுத்து ஓடுகிறது. அவர் பெயர், 1401இல் பிறந்த நாள், வரைந்தவர் பெயர், வரைந்த வருடம் எல்லாம் அதில் உண்டு. 1439இல் வான் ஐக் தன் மனைவியை வரைந்தார். அந்தச் சட்டத்தில் ஓவியமே பேசுவதுபோல, என் கணவர் யான் இந்த வருடம் ஜூன் 17இல் என்னை முடித்தார், எனக்கு வயது 33 என்று எழுதப்பட்டிருக்கிறது. மனைவியின் பெயர் சட்டத்தில் இல்லை. ஆனால் யாருடைய மனைவி, எந்த வருடம் என்று இருந்ததால் மார்கரெட் என்ற பெயரை வரலாற்றாசிரியர்கள் தேடி எடுத்துவிட்டார்கள். ஒரு உறவும் ஒரு தேதியும் எழுதியிருந்தாலே போதும், பின்னால் வருகிறவர்கள் ஆளைக் கண்டுபிடிப்பார்கள்.

இப்போது நம் மலைக்கு வாருங்கள்.

பொகவந்தலாவையில் உள்ளவர்களுக்கு புனித மரியாள் தேவாலயம் தெரிந்திருக்கும். அதன் வளவுக்குள் ஜூலியா மார்கரெட் கமெரனின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்பட வரலாற்றை எழுதுகிற யாரும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863இல் மகள் கொடுத்த கமெராவோடு தொடங்கி, ஓவியம்போல் புகைப்படம் எடுக்கப் பாடுபட்டவர். இத்தாலியப் பழைய ஓவியர்களைப் பின்பற்றி மாதா படங்களும் தேவதைப் படங்களும் எடுத்தார். ஒரு பக்கத்து வெளிச்சமும் மறுபக்கத்து இருளுமாக முகத்தை மட்டும் நெருங்கி எடுப்பது அவர் கையெழுத்து. கணவர் சார்ல்ஸ் ஹே கமெரன்தான் கோல்புறூக்–கமெரன் ஆணைக்குழுவின் கமெரன். வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர்களுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார்.

அவர் இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. வேலையாட்களும் தோட்டத்தில் உழைத்தவர்களுமே அவற்றில் பெரும்பாலும் இருக்கிறார்கள். களுத்துறையில் 1878இல் எடுத்த படம் ஒன்றுக்கு அவர் குறிப்பு எழுதியிருக்கிறார்: அந்தச் சிறுமிக்கு வயது 12, அவளுடைய தகப்பன் என்று சொல்லும் கிழவர் தனக்கு வயது நூறு என்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. அதே கமெரன் இங்கிலாந்தில் மாதாவாகப் பல முறை நிறுத்திப் படமெடுத்த வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்று இன்று உலகத்துக்குத் தெரியும். இங்கே அவர் முன் நின்ற பெண்கள் "இலங்கைப் பெண்" என்ற தலைப்போடு பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிறார்கள்.

அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். தேர்ந்த கை எடுத்தவை. அந்தப் பெண்களின் முகத்தில் இருக்கும் கண்ணியத்தை அந்தக் கை அறிந்திருந்தது. அதற்காக நான் கமெரனை மதிக்கிறேன். ஆனால் சித்திரம் படித்தவராக ஒன்றைக் கவனியுங்கள். அவர் பயன்படுத்தியது அதே ஈரத் தட்டு. நம் தோலின் பழுப்பில் சிவப்பும் மஞ்சளும் கலந்திருக்கிறது. நீலத்தை மட்டும் உணரும் தட்டில் அது இருந்ததை விடக் கறுத்து விழும். சேலை சிவப்பாக இருந்திருந்தால் அதுவும் கறுப்பாகத்தான் விழுந்திருக்கும். ஆகவே 1870களின் மலையகப் படத்தில் நாம் காண்கிற கறுப்பு முழுவதும் உண்மைக் கறுப்பல்ல. தட்டு தவறவிட்ட நிறமும் அதற்குள் கிடக்கிறது.

அடுத்து வந்தன தபால் அட்டைகள். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்கள் தேயிலை மலைகளையும் கொழுந்து பறிக்கிறவர்களையும் எடுத்த படங்கள் உலகமெங்கும் போயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் பல நிற அட்டைகளாக வந்தன. அவை நிறத்தில் எடுத்த படங்களல்ல. இங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எங்கோ ஓர் அச்சகத்தில், பெரும்பாலும் ஜெர்மனியில், நம் மலையைக் கண்டிராத ஒருவர் நிறம் பூசினார். அப்படி ஓர் அட்டையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். சேலையின் சிவப்பு ஓரத்தைத் தாண்டிக் கூடையில் வழிந்திருக்கும். காதில் தொங்கும் நகையும் கழுத்து மணியும் ஒரே மஞ்சளில் மூழ்கியிருக்கும். பின்னாலிருக்கும் தேயிலைக்கும் தூரத்து மலைக்கும் ஒரே பச்சை. அடுத்த பதிப்பில் அதே பெண்ணின் சேலை நிறம் மாறியிருப்பதும் அந்தத் தொழிலில் சாதாரணம். கீழே "தமிழ்ப் பெண்" என்றோ "தேயிலை பறிக்கும் கூலி" என்றோ ஒரு வரி இருக்கும்.

நிறத்தை உள்ளபடி பிடிக்கும் வழி அப்போதே இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஹெலன் மெசிஞ்சர் மர்டொக் 1913இல் ஆட்டோகுரோம் தட்டுகளோடு உலகைச் சுற்றக் கிளம்பி இலங்கையிலும் படமெடுத்தார். ஆனால் அப்படி வந்தவர் மிகச் சிலர். வான் ஐக்கின் தலைப்பாகைச் சிவப்பை உள்ளபடி அச்சிடத் துடித்த அதே காலம், நம் பாட்டிமாரின் சேலைக்கு எந்தச் சிவப்பானாலும் சரி என்று விட்டுவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லி நிறுத்த வரவில்லை. விட்டதை எடுத்துக் கட்டும் வேலை இப்போது நம் கைக்கு வந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளியார் எடுத்த படங்களுக்குப் பிறகு, நாமே காசு கொடுத்து எடுத்த படங்கள் வந்தன. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று ஒவ்வொரு நகரத்திலும் ஸ்டூடியோ திறந்தது. சம்பளம் வாங்கிய வாரத்தில், திருவிழாவில், கலியாணத்துக்குப் பிறகு, பிள்ளைக்கு மொட்டை அடித்த அன்று, வரைந்த திரைக்கு முன்னால் நம்மவர்கள் நின்றார்கள். படத்துக்கு என்ன உடுத்துவது என்று அவர்களே தீர்மானித்தார்கள். கம்பளியும் படங்கும் வீட்டில் இருக்க, பெட்டியிலிருந்த நல்ல சேலை வெளியே வந்தது. துரை அமர்வதுபோல நாற்காலியில் தாத்தா அமர்ந்தார். அந்தப் படங்கள் அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன சாட்சி.

பிறகு 1964 ஒக்டோபர் 30 வந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றி 1974இல் இரு நாடும் பாதிப் பாதியாகப் பேசி முடித்தன. தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். புறப்படுமுன் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு பிரதி. ஒன்று இங்கே லயத்தில் இருக்கும், மற்றது நீலகிரியிலோ வேறெங்கோ இருக்கும். கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறிய படங்களுக்குப் பெயர் உண்டு, இலக்கம் உண்டு, முத்திரை உண்டு. அவை அலுவலகக் கோப்புக்குள் போயின. வீட்டுக்கென்று எடுத்த படத்தின் பின்புறம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. எடுத்தவர்களுக்கு எல்லாரையும் தெரியும், எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. உங்களுக்குத் தேவை இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும்.

இப்போது உங்கள் கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. பழைய படத்தைக் காட்டினால் ஒரு நொடியில் நிறம் பூசித் தருகிறது. அம்மாயி நிறத்தில் சிரிப்பதைப் பார்க்க உங்களுக்கு ஆசை வருவதில் தவறில்லை. ஆனால் அந்தச் செயலிக்கு உங்கள் அம்மாயியைத் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருள் என்ற கணக்கு மட்டும். கடும் பச்சையும் அரக்கும் கருநீலமும் ஒரே சாம்பலாக விழலாம். சிவப்பு உணராத ஃபிலிம் மிகவும் பிந்திய காலம்வரை விற்பனையில் இருந்தது. கோடாக்கின் பேர்போன வெரிகுரோம் ஃபிலிமே 1956வரை அப்படிப்பட்டதுதான். அதில் எடுத்த கூறைச் சேலைச் சிவப்பைச் செயலி கருநீலம் என்று தீர்மானித்தால் யார் மறுப்பார்? தோலை வெளுக்க வைத்தால் யார் திருத்துவார்? அன்று ஜெர்மனியில் அமர்ந்து நிறம் பூசியவர் செய்ததையே இன்று செயலியும் செய்கிறது. வேறுபாடு ஒன்று: இம்முறை ஒப்பிட்டுத் திருத்தக்கூடியவர் உங்கள் வீட்டுக்குள் அடுப்பருகே அமர்ந்திருக்கிறார்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் 1432இல் முடித்த பெரிய பலகை ஓவியம் இருக்கிறது. அதன் ஒரு பலகை, "நீதியான நடுவர்கள்" என்ற பகுதி, 1934 ஏப்ரலில் களவு போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை. யெஃப் வான் டெர் வேகன் என்ற ஓவியர் அந்த இடத்துக்கு ஒரு நகல் வரைந்தார். களவு போனதன் உருவத்துக்குப் புகைப்படம் துணை நின்றது. நிறத்துக்கு, மூலத்தைக் கண்ணால் பார்த்து 16ஆம் நூற்றாண்டில் மிஷியல் கொக்ஸி தீட்டியிருந்த பழைய நகல் உதவியது. மூலத்தைப் பார்த்த ஒருவருடைய சாட்சி இருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் வீட்டுப் படத்துக்கு அந்தச் சாட்சி உங்கள் அம்மாயி, அப்பாயி, பக்கத்துக் காம்பராப் பெரியவர். அவர்களுடைய வயதை எண்ணிப் பாருங்கள். நான் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று விளங்கும்.

இனி வேலை. படத்தை மேசையில் வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். பெரியவர் கையில் கொடுங்கள். அவர் விரல் எங்கே போகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். யார் யார் என்று இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதுங்கள். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், லயத்தில் கூப்பிட்ட பெயர் வேறு, இரண்டையும் எழுதுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் சொல்லும் பெயர் ஒன்று, இரண்டும் வேண்டும். வருடம் ஞாபகமில்லை என்பார்கள். மூத்தவன் பிறப்பதற்கு முன்னா பின்னா, கப்பலில் போவதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். வருடம் தானாக வரும். அதற்குப் பிறகு நிறம். சேலை என்ன நிறம், கரை என்ன நிறம், யார் வாங்கித் தந்தது, பிறகு அந்தச் சேலை என்னவாயிற்று? ஞாபகம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

பழைய காகிதப் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை நம் மலை ஈரத்தில் ஊறி முன்பக்கம் வரும். பிந்திய காலத்து வழுவழுப்பான நிறப் படங்களின் பின்புறத்தில் பென்சில் பிடிக்காது. அவற்றைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறையில் எழுதுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே படமெடுங்கள். வாசலில் நிழலான இடத்தில், பகல் வெளிச்சத்தில், கண்ணாடி மினுங்காத கோணத்தில் கைபேசியைப் பிடித்தால் நல்ல பிரதி கிடைக்கும். பூஞ்சணம் பிடித்ததை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். லெமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் படம் கெட்டால் திரும்பாது. அடுப்புப் புகை படும் சுவரிலிருந்து இறக்கி, காய்ந்த பெட்டிக்கு மாற்றுங்கள்.

அதன் பிறகு உங்கள் சித்திரத் திறமையைக் காட்டுங்கள். அம்மாயி சொன்ன நிறத்தை நீர்வர்ணத்தில் கலந்து அவரிடம் காட்டுங்கள். இது இல்லை, இதைவிடக் கொஞ்சம் அரக்கு என்பார், திரும்பக் கலக்குங்கள். ஆம் என்று அவர் சொல்லும் வரை கலந்து, அந்த நிறத்தைச் சிறு காகிதத் துண்டில் பூசிப் படத்தின் உறைக்குள் வையுங்கள். நல்ல அச்சகத்தார் வணிகரின் அங்கிக்காகச் செய்த வேலை இதுவே. செயலியில் நிறம் பூச விரும்பினால் இந்தத் துண்டைப் பார்த்துப் பூசுங்கள். மூலப் படத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

ஆசிரியர்களே, இதை ஒரு தவணைச் செயற்றிட்டமாகக் கொடுங்கள். ஒரு மாணவர் ஒரு படம் என்று வைத்தாலும் ஒரு வகுப்பில் முப்பது குடும்பங்களின் வரலாறு சேர்ந்துவிடும். கம்பளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், பாட்டன் பூட்டன் பாவித்த சாமான்களை எப்படிப் பெயரெழுதி அடுக்கியிருக்கிறார்கள் என்று காட்டுங்கள். 2023இல் நம்மவர் மலையேறி இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த நடையில் நாம் கேட்டது நம்மைப் பெயர் சொல்லி மதிக்கும் ஒரு நாட்டை. நம் வீட்டுப் படங்களில் இருப்பவர்களின் பெயரை நாமே எழுதாமல் விட்டுவிட்டு அதை யாரிடமும் கேட்க முடியாது.

வரும் தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் அக்காமார் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். அதுவரையும் காத்திருக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமை ஒரு படத்தை இறக்குங்கள், ஒரு பென்சிலைச் சீவுங்கள், முதல் பெயரைக் கேளுங்கள்.

மிகுந்த நம்பிக்கையோடும் அன்போடும்,
ஹட்டனிலிருந்து உங்கள் அண்ணன்